எண்ணித் துணிய வேண்டிய மருத்துவம்

மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். இன்ன ஆண்டில் இன்ன மருத்துவர் இன்ன முறையைக் கண்டார் என்னும் செய்திகள் அந்நூல்களில் நிரம்பிக் கிடக்கின்றன. நோயாளி எவ்வாறு அந்த அறுவை மேசைக்கு வந்து சேர்ந்தார், வருவதற்கு முன் எவற்றை அறிந்திருந்தார், அவருடைய உடலும் உள்ளமும் எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டன என்னும் வரலாறோ அருகியே எழுதப்படுகிறது.

பிற அறுவைகளில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. குடல்வால் அழன்று வலியால் துடிப்பவருக்கு நெடிது எண்ணிப் பார்க்க நேரமில்லை. உடல் பருமனைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் அறுவையின் நிலை வேறு. அதனை இன்று செய்யலாம், ஆறு திங்கள் கழித்தும் செய்யலாம், செய்யாமலும் விடலாம். கெட்டுப்போன உறுப்பொன்றை வெட்டியெறிவதும் அன்று அது. ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும் இரைப்பையையும் குடலையும் மாற்றியமைப்பது. ஆகவே, முடிவெடுத்தலே இங்கு மருத்துவத்தின் முதற்பகுதியாகிறது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கால வரலாறு உடையது இவ்வறுவை. அவ்வரலாற்றை ஊன்றிப் பார்ப்போமாயின், கத்தி கூர்மையடைந்த கதையைக் காட்டிலும், யாருக்கு, எப்போது, எத்தகைய ஆயத்தத்திற்குப் பின் கத்தியை எடுப்பது என்னும் அறிவு கூர்மையடைந்த கதையே அதில் மேலோங்கி நிற்கக் காணலாம். இன்று நோயாளியின் கையில் கொடுக்கப்படும் முன்னேற்பாட்டுப் பட்டியலின் வரிகள் பலவற்றின் பின்னால், முன்னே சென்ற நோயாளிகள் பட்ட துன்பம் இருக்கிறது.

பருமனை அளந்த கணக்கு

யார் பருமனானவர் என்னும் வினாவிற்கு நெடுங்காலம் கண்ணே அளவுகோலாக இருந்தது. செழுமையின் அடையாளமாகக் கருதப்பட்ட உடல் எந்த எல்லையில் நோயின் அடையாளமாக மாறுகிறது என்று வரையறுக்க ஓர் எண் தேவைப்பட்டது. பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடால்ப் கெட்லே, 1832 ஆம் ஆண்டில், வளர்ந்த மனிதரின் எடை அவர்தம் உயரத்தின் இருமடியை ஒட்டி அமைகிறது என்று கண்டு சொன்னார். அவர் மருத்துவரல்லர், சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்று அறிய விரும்பியவர். 1972 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் அக்கணக்கை மீண்டும் எடுத்து ஆராய்ந்து, அதற்குப் பெயரும் சூட்டினார். மருத்துவமனைகளில் பி.எம்.ஐ. என்று வழங்கும் உடல் எடைக் குறியீட்டெண் இதுவே. எடையைக் கிலோகிராமில் கொண்டு, மீட்டரில் கண்ட உயரத்தின் இருமடியால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 102 கிலோகிராம் எடையிருந்தால் அவருடைய குறியீட்டெண் ஏறத்தாழ 40. அவரே 90 கிலோகிராம் இருந்தால் 35. 70 கிலோகிராம் இருந்தால் 27.5 அளவில் நிற்கும். இம்மூன்று எண்களையும் வாசகர் நினைவிற் கொள்ளுதல் நலம். பின்னர் வரும் வரலாறு முழுவதும் இவற்றைச் சுற்றியே நடக்கிறது.

குடலைச் சுருக்கிய காலம்

நமது சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுடையது. உண்ட உணவின் சத்து உடலிற் சேர்வது பெரும்பாலும் அங்கேதான். அதன் நீளத்தைக் குறைத்துவிட்டால், உண்டது உடலில் ஒட்டாமற் போகும். எடையும் குறையும் என்பதே முதலில் தோன்றிய எண்ணம். 1952 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் விக்டர் ஹென்ரிக்சன், பருமனான நோயாளிகளின் சிறுகுடலில் ஒரு பகுதியை அகற்றிய செய்தியை வெளியிட்டார். 1954 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் முதலிய மருத்துவர்கள், குடலை வெட்டியெறியாமல், அதன் தொடக்கத்தையும் முடிவையும் இணைத்து, இடைப்பட்ட பெரும்பகுதியை உணவு தொடாதபடி ஒதுக்கிவைக்கும் முறையை அறிவித்தனர்.

கலிபோர்னியாவில் ஹோவர்ட் பெய்ன் என்பாரும் உடனுழைத்த மருத்துவர்களும் 1956 முதல் இதனினும் கடுமையான ஒரு முறையை மேற்கொண்டனர். சிறுகுடலின் தொடக்கப் பகுதியை நேரே பெருங்குடலோடு இணைத்துவிட்டனர். எடை விரைந்து குறைந்தது. உடன் ஓயாத வயிற்றுப்போக்கும் உப்புச்சத்துக் குலைவும் வந்து நோயாளிகளை வாட்டின. இணைப்பை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தபோது, இழந்த எடை திரும்பி வந்தது. 1963 இல் இவ்வனுபவத்தை வெளியிட்ட அவர்கள், 1969 இல் சற்று மிதமான மற்றொரு முறையை முன்வைத்தனர். சிறுகுடலின் முதல் 14 அங்குலத்தையும் கடைசி 4 அங்குலத்தையும் மட்டும் உணவு செல்லும் வழியாக வைத்துக்கொள்வது அம்முறை. ஆறு மீட்டர் வழி அரை மீட்டருக்குள் அடங்கியது.

1970 களில் இவ்வறுவை பல்லாயிரவருக்குச் செய்யப்பட்டது. மெலிந்தவர்கள் மகிழ்ந்தனர். ஆண்டுகள் சில சென்றபின் வேறு செய்திகள் வரத் தொடங்கின. சிறுநீரகத்திற் கற்கள் தோன்றின, மூட்டுகள் வீங்கின, ஒதுக்கிவைத்த குடலில் நுண்ணுயிர்கள் பெருகின, சிலருடைய கல்லீரல் கெட்டு உயிரும் பிரிந்தது. 1980 அளவில் அம்முறை பெரிதும் கைவிடப்பட்டது. அறுவை செய்துகொண்ட பலருக்கு அதனை மாற்றியமைக்க மறுபடியும் அறுவை வேண்டியதாயிற்று.

இக்காலத்திலிருந்து மருத்துவ உலகம் இரண்டு பாடங்களைப் பெற்றது. எடை இறங்குவது மட்டுமே வெற்றியாகாது என்பது ஒன்று. அறுவை முடிந்த நாளோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை. நோயாளியை வாழ்நாள் முழுவதும் கண்காணித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. வாழ்நாள் முழுவதும் மருத்துவரிடம் சென்றுவர இசைகிறீரா என்று இன்று முதலிலேயே கேட்கப்படும் கேள்வி, அந்நாளில் கேட்கப்படாமற் போன கேள்வியாகும்.

அயோவாவில் பிறந்த முறை

அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றி வந்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றும் அறுவை அந்நாளிற் பெருவழக்காக இருந்தது. அவ்வறுவை செய்துகொண்டவர்கள் எடை குறைந்தவர்களாகவே நின்றுவிடுவதை அவர் கண்டார். பிறர் ஒரு தீங்காகக் கருதிய அவ்விளைவே, மிகப் பருமனானவர்க்கு மருந்தாகலாம் என்று எண்ணினார். 1966 இல் சிகாஷி இட்டோ என்னும் மருத்துவருடன் சேர்ந்து, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவையைத் தொடங்கினார். 1967 இல் அதனை வெளியிட்டார். இரைப்பை மாற்றுவழி அறுவை எனப்படுவது இதுவே. 1977 இல் வார்டு கிரிபன் என்பார், சுவிட்சர்லாந்து நாட்டுச் சேசர் ரூ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த குடல் இணைப்பு முறையை இதனோடு பொருத்தினார். இணைப்பு ஆங்கில எழுத்தான ‘ஒய்’ வடிவில் அமைந்ததால், பித்தநீர் மேலேறி வந்து வருத்தும் தொல்லை குறைந்தது.

மேசனின் சிறப்பு அவர் கண்ட முறையோடு நிற்கவில்லை. தம் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். தாம் வகுத்த முறையின் குறைகளைத் தாமே திருத்தினார். இரைப்பையைக் குடலோடு இணைக்காமல் குறுக்கி மட்டும் வைக்கும் எளிய முறைகளையும் செய்து பார்த்தார். நாடெங்கும் நடக்கும் இத்தகைய அறுவைகளின் விளைவுகளை ஒரே ஏட்டில் பதிந்து வைக்கும் பணியை 1980 களில் முன்னின்று நடத்தினார். நல்லதும் கெட்டதும் பதியப்பட்டாலன்றி, அடுத்த நோயாளிக்கு உண்மை சொல்ல இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நூறாண்டு வாழ்ந்து 2020 டிசம்பரில் மறைந்த அப்பெரியார், எடைக்குறைப்பு அறுவையின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

1991 இல் வகுத்த நெறி

இவ்வாறு முறைகள் பெருகியபோது, இவ்வறுவை யாருக்கு உரியது என்னும் வினாவும் பெருகியது. 1991 மார்ச்சு மாதம் அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகங்கள் ஓர் ஒருமித்த கருத்து மாநாட்டைக் கூட்டின. குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேற்பட்டவர்களும், 35 க்கு மேற்பட்டு நீரிழிவு, உறக்கத்தில் மூச்சடைப்பு போன்ற நோய்களால் துன்புறுவோரும் அறுவைக்குக் கருதத்தக்கவர் என்று அம்மாநாடு கூறியது. பிற்காலத்தார் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களையே மேற்கோள் காட்டினர்.

ஆயினும், அவ்வறிக்கையின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. நோயாளி தெளிவுறத் தெரிந்துகொண்டவராகவும், உள்ளூக்கம் உடையவராகவும் இருத்தல் வேண்டும். உடல் மருத்துவர், அறுவை மருத்துவர், மனநல மருத்துவர், உணவியல் அறிஞர் ஆகியோர் கூடி அவரை ஆராய்தல் வேண்டும். தேர்ந்த கைகளே அறுவையைச் செய்தல் வேண்டும். வாழ்நாட் கண்காணிப்பு வேண்டும் என்றெல்லாம் அது வற்புறுத்தியது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என்னும் நான்கு பகுதிகளின் கூட்டாகக் காட்டுகிறது என்பதை நாம் அறிவோம். நோயாளியையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வைத்தெண்ணும் அப்பார்வையே 1991 அறிக்கையிலும் இருக்கக் காண்கிறோம். நோயாளி அங்கே மேசைமேற் கிடத்தப்படும் பொருளாக இல்லை. செயலில் பங்குபெறும் ஒருவராக இருக்கிறார்.

சிறு துளைகளும் பெருந்திரளும்

அதுவரை வயிற்றை நீளக் கிழித்தே அறுவை செய்தனர். பருத்த வயிற்றில் அப்புண் ஆறுவதே பெரும்பாடு. 1990 களின் தொடக்கத்தில் சிறு துளைகளின் வழியாகக் கருவியையும் ஒளிப்படக் குழாயையும் செலுத்தும் முறை இத்துறைக்கும் வந்து சேர்ந்தது. இரைப்பை மாற்றுவழி அறுவையை இம்முறையிற் செய்த செய்தியை 1994 இல் கலிபோர்னியாவின் ஆலன் விட்குரோவும் துணைவரும் வெளியிட்டனர். வலி குறைந்தது, நோயாளி விரைந்து எழுந்து நடந்தார். இரைப்பையைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் பூட்டும் முறையும் அக்காலத்திற் பரவியது. வளையம் நழுவுதலும் இரைப்பைச் சுவரை அரித்தலுமாகத் தொல்லைகள் தோன்றவே, சில ஆண்டுகளில் அதன் செல்வாக்கு மங்கியது.

இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் முறை ஒரு தற்செயலிற் பிறந்தது. மிக நலிந்த, பேரெடை கொண்ட நோயாளிகளுக்கு நீண்ட அறுவையை ஒரே நாளிற் செய்வது இடராக முடிந்தது. ஆகவே மிஷேல் காக்னே முதலிய மருத்துவர்கள், முதலில் இரைப்பையை நெடுக்கு வாட்டில் வெட்டி ஒரு குழாய்போல் ஆக்கிவிட்டு, எடை ஓரளவு இறங்கிய பின்னர் குடல் மாற்றத்தைச் செய்யலாம் என்று அறுவையை இரண்டாகப் பிரித்தனர். முதற்கட்டத்திலேயே சிலர் வேண்டிய அளவு இளைத்தமையால், இரண்டாம் கட்டம் தேவையில்லாமற் போயிற்று. இவ்வாறு முன்னேற்பாடாகத் தொடங்கியதே தனி மருத்துவமாகி, இரைப்பைக் குறுக்க அறுவை என்று நிலைபெற்றது. இதில் இரைப்பையின் முக்காற் பங்கிற்கு மேல் அகற்றப்படுகிறது. அதனை மீண்டும் பொருத்த இயலாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் மிகும். எளிது என்று சொல்லப்படும் முறைக்கும் விலை உண்டு.

சர்க்கரை நோய் சொன்ன செய்தி

1995 ஆம் ஆண்டில் வட கரோலினாவின் வால்டர் போரிஸ் என்னும் மருத்துவர் வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் போக்கையே மாற்றியது. மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களுள் முதிர்வயதில் வரும் நீரிழிவுடைய 146 பேரில் 121 பேருக்கு இரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியது. எடை பெரிதும் இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை தணியத் தொடங்கியதுதான் வியப்பு. குடலும் இரைப்பையும் உணவைக் கொண்டுசெல்லும் வெறுங்குழாய்கள் அல்ல; அவை மூளையோடும் கணையத்தோடும் சுரப்புநீர்களால் பேசிக்கொள்ளும் உறுப்புகள் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்புநீரை 1999 இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டனர். இரைப்பையே அதன் முதன்மையான பிறப்பிடம்.

இவ்வறிவு மருத்துவத்திற்கு மட்டுமன்றி, மனித மதிப்பிற்கும் பெருந்துணை செய்தது. “கொஞ்சம் வாயைக் கட்டினால் போதாதா?” என்பது பருமனானவர் வாழ்நாளெல்லாம் கேட்கும் சொல். வாயைக் கட்டியவர்கள்தாம் அவர்களிற் பலர். எடை இறங்க இறங்கப் பசியைப் பெருக்கியும் உடல் எரிக்கும் ஆற்றலைக் குறைத்தும், இழந்த எடையை மீட்கவே உடல் முயல்கிறது. தோற்றது மன உறுதி மட்டுமன்று என்று அறிந்தபோது, அறுவையை நாடி வருபவர் குற்றவாளியைப் போல் தலைகுனிந்து நிற்க வேண்டிய நிலை நீங்கியிருக்க வேண்டும். முழுவதும் நீங்கிவிட்டது என்று இன்னும் சொல்வதற்கில்லை.

சுவீடன் நாட்டில் 1987 இல் தொடங்கிய பேராய்வு 4,047 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 2007 இல் அதன் முடிவு வெளியானபோது, அறுவை செய்துகொண்ட 2,010 பேரில் 101 பேரும், செய்துகொள்ளாத 2,037 பேரில் 129 பேரும் இறந்திருந்தனர். அறுவை ஆயுளைக் காக்கிறது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. அவ்வாய்வே வேறோர் உண்மையையும் மறைக்காமற் கூறியது. முதல் ஓரிரு ஆண்டுகளில் குறைந்த எடையில் ஒரு பங்கு பின்னர்த் திரும்புகிறது; பத்தாண்டுக்குப் பின் மாற்றுவழி அறுவை செய்தவர்கள் தொடக்க எடையில் 25 விழுக்காடு குறைந்த நிலையில் நின்றனர். 100 கிலோகிராம் எடையிருந்தவர் 75 ஆவார், 50 ஆகமாட்டார். முடிவெடுப்போர் கனவிற் காணும் எண்ணை இவ்வுண்மையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

நம் மண்ணுக்கு ஏற்ற அளவு

மேலை நாட்டார் உடலை வைத்து வகுத்த எண்கள் ஆசியருக்கும் பொருந்துமா என்னும் வினாவை ஆராய, 2002 ஜூலையில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு சிங்கப்பூரிற் கூடியது. அதே குறியீட்டெண்ணில் ஆசியருக்குக் கொழுப்பு மிகுதியாக இருப்பதையும், நீரிழிவும் இதயநோயும் முன்னதாகவே வருவதையும் கண்ட அக்குழுவின் கருத்து 2004 இல் வெளியாயிற்று. 23, 27.5 ஆகிய எண்கள் ஆசியருக்கு எச்சரிக்கைப் படிகளாகக் குறிக்கப்பட்டன. அறுவைக்குரிய அளவும் காலப்போக்கில் இறங்கியது. 2022 இல் அமெரிக்க, உலக அறுவை மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை, 1991 இன் எண்களைத் தளர்த்தியது. பொதுவாக 35 க்கு மேற்பட்டவர்க்குப் பிற நோய் இல்லாவிடினும் அறுவை பரிந்துரைக்கலாம் என்றும், ஆசியருக்கு 27.5 என்னும் அளவிலேயே அவ்வாய்ப்பைத் தரலாம் என்றும் அது கூறியது. முன்னர்க் குறிப்பிட்ட 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவரை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். 1991 இல் 102 கிலோகிராம் எடையில் திறந்த கதவு, இன்று 70 கிலோகிராமிலேயே திறந்து நிற்கிறது. கதவு திறந்திருப்பதாலேயே நுழைந்தாக வேண்டும் என்பதில்லை. எல்லை தாழத் தாழ, எண்ணிப் பார்க்கும் பொறுப்பு உயர்கிறது.

மலேசியாவில் 2023 இல் நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வு, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது பருமன் உடையவர் என்று கண்டது. நீரிழிவு இந்தியரிடையே மிகுந்திருப்பதை 2019 ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. சிங்கப்பூர் 2016 இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. இருள் பிரியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய தலைமுறைக்கு, குவித்து வைத்த சோறு வேலைக்கேற்ற கூலியாக இருந்தது. தோட்டம் விட்டுப் பட்டணம் வந்து, நாற்காலியிலும் ஓட்டுநர் இருக்கையிலும் அமர்ந்துவிட்ட பின்னும், சோற்றின் அளவு குறையவில்லை. பால் கட்டியிட்ட தேநீர் மட்டும் கூடியது. இவ்விரு நாடுகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் இவ்வறுவை இன்று நடைபெறுகிறது. ஆகவே இது நமக்கு அயல்நாட்டுச் செய்தியன்று. நம் வீட்டுக் கூடத்திற் பேசப்பட வேண்டிய செய்தி.

பட்டியலின் பின்னுள்ள வரலாறு

அறுவைக்கு இசைந்தவர் பல திங்கள் ஆயத்தம் செய்ய வேண்டும். ஒவ்வோர் ஆயத்தத்திற்கும் காரணம் உண்டு.

அறுவைக்கு முந்திய இரண்டு வாரம், ஏறத்தாழ 800 கலோரி அளவில் சுருங்கிய உணவு கொடுக்கப்படுவதுண்டு. பருமனானவரின் கல்லீரல் கொழுப்பேறிப் பெருத்து, இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். துளைவழிக் கருவி செல்ல வேண்டுமானால் அது சுருங்க வேண்டும். இதனை அறியாதவர், “நாளைமுதல் உண்ண முடியாதே” என்று முதல்நாள் விருந்து உண்கின்றனர். அவ்விருந்து மருத்துவரின் வழியை மறைத்துவிடக்கூடும். நீரிழிவு மருந்தும் இன்சுலினும் கொள்வோர் இச்சிறு உணவுக் காலத்தில் மருத்துவரைக் கேட்டு மருந்தளவைக் குறைத்தல் வேண்டும். இல்லையேல் சர்க்கரை அளவுக்குமேல் தாழ்ந்துவிடும்.

உறக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று ஆராய்வது, மயக்க மருந்திற்குப் பின் மூச்சு நின்றுவிடாமற் காப்பதற்காக. புகையை விடச் சொல்வது, குடல் இணைப்பிற் புண் தோன்றாமலும் இரத்தம் உறையாமலும் இருப்பதற்காக. உள்நோக்கிக் குழாயால் இரைப்பையைப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. மாற்றுவழி அறுவைக்குப் பின் ஒதுக்கப்பட்ட இரைப்பையை எளிதில் எட்டிப் பார்க்க இயலாது. அதிற் புண்ணோ கிருமியோ இருந்தால் முன்பே கண்டு நீக்குதல் வேண்டும். குழந்தைப் பேற்றை விரும்பும் பெண்கள், அறுவைக்குப் பின் 12 முதல் 18 திங்கள்வரை கருவுறாதிருக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். எடை விரைந்து இறங்கும் அக்காலத்தில் கருவுக்கும் தாய்க்கும் சத்துப் போதாது.

இரும்பு, பி12, டி முதலிய உயிர்ச்சத்துகளை முன்னரே சோதிப்பதும், பின்னர் வாழ்நாள் முழுவதும் உட்கொள்வதும் கட்டாயம். உடல் பருத்திருந்தாலும் சத்துக் குறைந்திருக்கலாம். இவற்றுள் பி1 என்னும் தயாமின் பற்றி மலாயாத் தமிழர் தனித்து அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் கொள்ளைகொண்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர், புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அந்நோய் அணுகாததைக் கண்டு, தீட்டிய அரிசியே காரணம் என்று 1907 இல் நூலெழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் 1909 இல் வெளியிட்ட ஆய்வுகளால் அதனை நிலைநாட்டினர். புழுங்கலரிசியில் எஞ்சி நின்று நம் முன்னோரைக் காத்தது இந்தத் தயாமினே. அறுவைக்குப் பின் ஓயாது வாந்தி எடுப்பவர் அச்சத்தை இழந்து, சில வாரங்களிலேயே நரம்பும் மூளையும் தாக்குண்ண நேரிடும். ஆகவே, வாந்தி நிற்கவில்லையென்றால் பொறுத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று முன்னதாகவே சொல்லப்படுகிறது.

மனநல ஆய்வைக் கண்டு பலர் மனம் புண்படுவர். “எனக்கு என்ன பைத்தியமா?” என்பர். 2007 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வெளியான ஓர் ஆய்வு, அறுவை செய்தவர்களிடையே நோயால் நேரும் மரணம் பெரிதும் குறைந்ததைக் கண்டது. விபத்தும் தற்கொலையும் போன்ற பிற மரணங்கள் மிகுந்ததையும் கண்டது. மாற்றுவழி அறுவைக்குப் பின் மது விரைந்து தலைக்கேறுகிறது என்பதும், இரண்டாம் ஆண்டில் குடிப்பழக்கக் கேடு மிகுகிறது என்பதும் 2012 இல் வெளியான ஆய்வால் தெரிந்தன. துயரத்தை உணவால் ஆற்றிக்கொண்டவருக்கு உணவின் வழி அடைபடும்போது, துயரம் வேறு வழி தேடும். அதனை முன்னரே கேட்டறிவது அவமதிப்பன்று, காப்பு.

முன்னேற்பாடு என்ற பெயரில் நடந்த ஒரு தவற்றையும் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் சில, மாதக்கணக்கில் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து எடையைக் குறைத்துக் காட்டினாலன்றிப் பணம் தருவதில்லை என்று நிபந்தனை விதித்தன. அதனால் நன்மை விளைவதாகச் சான்று இல்லை என்று 2016 இல் அந்நாட்டு அறுவை மருத்துவர் சங்கம் எடுத்துரைத்தது. காரணம் சொல்லக்கூடிய ஆயத்தம் மருத்துவமாகும். காரணம் இல்லாத காத்திருப்பு தண்டனையாகும். இவ்வேறுபாட்டை நோயாளி கேட்டறிவது அவருடைய உரிமை.

முடிவு யாருடையது?

இடரை மறைத்தல் கூடாது, மிகைப்படுத்துதலும் கூடாது. 2009 இல் வெளியான அமெரிக்கப் பேராய்வில், அறுவை செய்துகொண்ட 4,776 பேரில் முப்பது நாட்களுக்குள் இறந்தோர் 0.3 விழுக்காட்டினர், அதாவது ஆயிரத்தில் மூவர். தையல் கசிதலும், காலில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தலும் அஞ்சத்தக்கவை. அறுவை செய்யாமல் இருப்பதற்கும் இடர் உண்டு என்பதைச் சுவீடன் ஆய்வு காட்டிற்று. தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்தல் தகாது.

இன்று மூன்றாவது வழியொன்றும் திறந்திருக்கிறது. அறுவைக்குப் பின் குடலில் மிகும் ஒரு சுரப்புநீரைப் போலச் செயற்படும் செமாகுளுடைடு என்னும் ஊசிமருந்து, 2021 இல் அமெரிக்காவில் பருமனுக்குரிய மருந்தாக ஒப்புதல் பெற்றது. மருந்தை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. ஆகவே அதுவும் நெடுநாள் உடன்பாடே. எந்த வழியை மேற்கொண்டாலும், பருமன் ஒருநாளில் தீரும் நோயன்று என்னும் உண்மை மாறுவதில்லை.

நம் குடும்பங்களில் முடிவெடுத்தல் பெரும்பாலும் ஒருவர் செயலாக இருப்பதில்லை. திருமணம் தடைப்படுகிறதென்று மகளை அறுவைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் உளர். சர்க்கரையால் கால்விரல் இழந்த பின்னும், ஊரார் நகைப்பரென்று அஞ்சி அறுவையைத் தள்ளிப்போடும் தந்தையரும் உளர். முன்னவர் பிறர் விருப்பிற்காகத் தம் உடலை ஒப்படைக்கின்றனர். பின்னவர் பிறர் சொல்லுக்காக அதனைக் கைவிடுகின்றனர். இரண்டிடத்தும் உடலுக்கு உரியவரின் குரல் ஒலிக்கவில்லை. 1991 அறிக்கை கேட்ட தெளிந்த அறிவும் உள்ளூக்கமும் வேறொருவர் கடனாகத் தரக்கூடியவை அல்ல.

உடனிருப்போர் செய்யத்தக்க பணி வேறுண்டு. மருத்துவர் சொல்வதை நோயாளியோடு சேர்ந்து கேட்கலாம். சமையலறையில் சோற்றைக் குறைத்துப் பருப்பும் முட்டையும் மீனும் தயிரும் கூட்டலாம். ஒரு கவளத்தை மெல்ல மென்று உண்ணவும், உணவோடு நீர் பருகாதிருக்கவும் அவர் பழகும்போது, “இவ்வளவுதானா?” என்று கேளாதிருக்கலாம். விருந்திற் பரிமாறும் கை ஒருமுறை தயங்கி நிற்குமானால், அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

1950 களில் குடலைச் சுருக்கிய மருத்துவர்கள் தீயவர் அல்லர். அறியவேண்டியவற்றை அறிவதற்கு முன் செயற்பட்டவர்கள். அவர்களிடம் தம்மை ஒப்படைத்த நோயாளிகள், தம் உடலால் நமக்கு அறிவைத் தேடித் தந்து சென்றனர். அவ்வறிவு இன்று ஒரு பட்டியலாகவும், சில கேள்விகளாகவும், சில மாதக் காத்திருப்பாகவும் நம்முன் வைக்கப்படுகிறது. அறுவை வேண்டும் என்று துணிவோரும், வேண்டாம் என்று துணிவோரும் அதனை முழுவதும் கேட்டறிந்து துணிவார்களாயின், முன்னே சென்றவர்கள் பட்ட துன்பம் வீண்போகாது.